மாதிரி ராக்கெட்: எரிவது ஒரு விநாடி, இறங்குவது அரை நிமிடம்

தீபாவளி ராக்கெட்டின் குச்சி உடைந்திருந்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு முழம் மேலே போய்த் திரும்பும், இல்லையென்றால் தரையிலேயே சுழன்று யார் காலையாவது துரத்தும். அந்தக் குச்சிதான் அதற்கு வால். பொழுதுபோக்காகக் கட்டிப் பறக்கவிடும் மாதிரி ராக்கெட்டில் குச்சிக்குப் பதிலாக மூன்று நான்கு இறக்கைகள் இருக்கும். ஆனால் தீபாவளி ராக்கெட்டுக்கு இல்லாத இன்னொரு வேலை இதற்கு உண்டு. போனது முழுசாகத் திரும்பி வந்து, மறுபடியும் பறக்க வேண்டும். கடையில் பாகங்களாக வாங்கும் கிட்டில் சில பாகங்கள் இந்தத் திரும்பும் வேலைக்காகவே இருப்பவை. முதல் தடவை பறக்கவிடுபவர்களின் தோல்விகளும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

அமெரிக்காவின் எஸ்டெஸ் நிறுவனம் 1960களிலிருந்து விற்கும் ஆல்ஃபா என்ற கிட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 31 செ.மீ., விட்டம் 25 மி.மீ., மோட்டார் இல்லாமல் எடை சுமார் 23 கிராம். காகிதக் குழாய், மூக்குக் கூம்பு, பால்சா மரத்தில் மூன்று இறக்கைகள், மோட்டாரைப் பிடிக்கும் உள்குழாய், கூம்பையும் உடலையும் இணைக்கும் ரப்பர் நாடா, 30 செ.மீ. பிளாஸ்டிக் பாராசூட். உலோகம் என்று பார்த்தால் மோட்டாரைப் பிடிக்கும் சின்னக் கொக்கி ஒன்றுதான்.

மோட்டாரை நாம் செய்வதில்லை, செய்யவும் கூடாது. இந்தப் பொழுதுபோக்கு பரவியதே அதைத் தடுக்கத்தான். 1957-ல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்கச் சிறுவர்கள் இரும்புக் குழாயில் மருந்தை இடித்து நிரப்பி விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-லேயே காகித ராக்கெட்டும் கழற்றி மாற்றும் மோட்டாரும் செய்திருந்தார். அந்த மோட்டாரை இயந்திரத்தில் அழுத்தி ஆயிரக்கணக்கில் செய்யும் வழியைக் கண்டவர் வெர்ன் எஸ்டெஸ். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கிட் வாங்கிவரச் சொல்லலாம், மோட்டாரைச் சொல்லாதீர்கள். பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அதற்கு அனுமதி கிடையாது.

18 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் உள்ள அந்த மோட்டாரை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் (படத்தில் மட்டும்) கீழிருந்து மேலாக ஐந்து அடுக்குகள் தெரியும். அடியில் களிமண்ணால் ஆன நாசில், அதாவது வாயு பீறிடும் குறுகிய துளை. அதன் மேல் இறுக்கி அழுத்திய கருமருந்து. அதற்கு மேல் மெதுவாகப் புகைந்து எரியும் தாமதக் கலவை. அதன் மேல், கூம்பையும் பாராசூட்டையும் வெளித்தள்ளும் மருந்து ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் மூடி மெல்லிய களிமண் மூடி. தீ கீழே பற்றி, ஒவ்வொரு அடுக்காக மேலே போகிறது. உள்ளே கடிகாரம் கிடையாது, மின்சாரம் கிடையாது. அடுக்கின் கனம்தான் நேரம்.

மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் ‘ஏ8-3’ என்பதில் எல்லாமே இருக்கிறது. எழுத்து மொத்த உந்துதலைச் சொல்கிறது: ஏ என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி அதைப்போல் இருமடங்காக 5 வரை, சி 10 வரை. நடுவில் இருப்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், மருந்து தீர்ந்தபின் பாராசூட் வெளியே வரும்வரை எத்தனை விநாடி என்பது. கடையில் எல்லோரும் எழுத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். கவனிக்க வேண்டியது கடைசி எண்ணை. ‘சி6-0’ இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்கானது. அதில் தாமதமும் இல்லை, வெளித்தள்ளும் மருந்தும் இல்லை. மருந்து தீர்ந்த கணமே தீ முன்பக்கமாகப் பாய்ந்து மேலடுக்கைப் பற்றவைக்கும். ஆல்ஃபாவில் போட்டால் உச்ச வேகத்தில் பாராசூட் கருகும்.

ஏ8-3-ல் மருந்து எரிவது ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் 40 கிராம் ராக்கெட் மணிக்கு 180 கி.மீ. அளவு வேகத்தை எட்டிவிடும். பிறகு உந்துதலே இல்லாமல், எறிந்த கல்போல, மூன்று நான்கு விநாடி மேலேறும். உச்சியில் வேகம் ஏறக்குறைய இல்லாமல் போகும் அந்தத் தருணத்தில் பாராசூட் வெளிவர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் ராக்கெட் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். விரிந்த பாராசூட் சட்டென்று பின்னுக்கு இழுக்க, நாடா காகிதக் குழாயின் விளிம்பை ஜிப் திறப்பதுபோலக் கிழித்துக்கொண்டு போகும். குழாயில் நீளக் கிழிசலோடு இறங்கிய ராக்கெட்டைப் பார்த்தால், தாமத எண் தவறு என்று உடனே சொல்லிவிடலாம்.

கட்டும் வேலையில் முதல் சிக்கல், மோட்டார் உள்குழாயைப் பசை தடவி உடல்குழாய்க்குள் தள்ளும் இடம். வெள்ளைப் பசை காகிதத்தை ஊறவைத்து உப்பச் செய்யும். பாதி வழியில் ஒரு நொடி நிறுத்தினாலும் அங்கேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் உடல்குழாய் நசுங்குமே தவிர அது நகராது. எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று ஒரு குச்சியில் பென்சிலால் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, பசையைக் குழாயின் உட்புறத்தில் தடவி, ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும்.

இறக்கைகளில் மர ரேகை முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் இறக்கத்திலேயே ரேகையோடு பிளந்துவிடும். முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டையாகத் தேய்த்தால் காற்றின் தடை குறையும். ஒட்டும்போது விளிம்பில் பசை தடவி, குழாயில் ஒருமுறை ஒற்றி எடுத்து, ஒரு நிமிடம் காயவிட்டு, மறுபடி மெல்லிசாகத் தடவி ஒட்டுங்கள். இப்படி இருமுறைப் பசையில் ஒட்டினால் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. காய்ந்தபின் இரு பக்கமும் மூலையில் பசையை விரலால் வழித்துவிட்டால் பலம் கூடும். மூன்றும் 120 பாகை இடைவெளியில் நிற்கிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தால் ராக்கெட் பம்பரமாகச் சுழன்று உயரத்தை இழக்கும்.

ரப்பர் நாடாவின் நுனியை மூன்றாக மடித்த காகிதத்தில் பொதிந்து உடல்குழாயின் உள்ளே ஒட்டுவார்கள். வாயிலிருந்து மூன்று நான்கு செ.மீ. உள்ளே ஒட்டுங்கள். விளிம்பருகே ஒட்டினால் மூக்குக் கூம்பின் கழுத்து அதில் இடித்து இறுகும். கூம்பு எவ்வளவு இறுக்கம் என்பதற்கு எளிய சோதனை உண்டு. கூம்பைப் பிடித்துத் தூக்கினால் உடல் நழுவக் கூடாது, லேசாக உதறினால் நழுவ வேண்டும். தளர்வாக இருந்தால் கழுத்தில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று, இறுக்கமாக இருந்தால் உப்புத்தாள். பெயின்ட் அடித்தபின் இதைத் திரும்பப் பார்க்க எல்லோரும் மறப்பார்கள், ஒரு பூச்சே இறுக்கிவிடும். கூம்பு கழலாத ராக்கெட் தலைகீழாக வந்து மண்ணில் குத்தி நிற்கும்.

நேராகப் போவதற்கு ஒரே நிபந்தனைதான். ஈர்ப்பு மையம் முன்னாலும், காற்றழுத்தம் செயல்படும் மையம் அதற்குக் குறைந்தது ஒரு குழாய் விட்டம் பின்னாலும் இருக்க வேண்டும். அப்போது காற்று வாலைத்தான் அதிகம் தள்ளும், மூக்கு தானாக நேராகும். மோட்டார், பாராசூட் எல்லாம் ஏற்றி, விரல்மேல் வைத்துச் சமநிலை பார்த்து, அந்த இடத்தில் நூல் கட்டி டேப்பால் ஒட்டி, இரண்டு மீட்டர் நூலில் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. வால் முன்னால் வந்தால் மூக்கினுள் கொஞ்சம் களிமண் திணிக்க வேண்டும். கிட்டை அப்படியே கட்டினால் இது தேவைப்படாது. இறக்கையைச் ‘சற்று அழகாக’ வெட்டியவர்களுக்கு அவசியம் தேவைப்படும்.

பாராசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத வாடிங் தாள் மூன்று நான்கைக் கசக்கித் தளர்வாகப் போடுங்கள். போடாவிட்டால் சூடான வாயுவில் பிளாஸ்டிக் உருகிக் கட்டியாக வரும். இறுக்கித் திணித்தால் எதுவுமே வெளியே வராது. டிஷ்யூ காகிதம் மாற்று ஆகாது, அது கங்கோடு புல்லில் விழும். பாராசூட்டில் டால்கம் பவுடர் தூவி, பறக்கவிடும் சற்று முன்புதான் மடிக்க வேண்டும். முந்தின இரவே மடித்துவைத்தால் மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொள்ளும்.

ஏவுவதற்கு 3.2 மி.மீ. கனமும் 90 செ.மீ. நீளமும் உள்ள கம்பி. முதல் ஒரு மீட்டரில் இறக்கைகளுக்குப் போதிய காற்று கிடைக்காது, அதுவரை கம்பிதான் வழிகாட்டி. அதனால்தான் இந்த மோட்டார்களில் மருந்தின் அடியில் சிறு குழிவு விட்டிருப்பார்கள். தொடக்கத்தில் அதிகப் பரப்பு எரிந்து உந்துவிசை எகிறும். சி6-ல் இது சுமார் 14 நியூட்டனைத் தொட்டுவிட்டுப் பிறகு மூன்றில் ஒரு பங்காக அடங்கும்.

பற்றவைப்பது மின்சாரத்தால் மட்டுமே, ஐந்து மீட்டர் தள்ளி நின்று. பட்டனை அழுத்தியும் போகவில்லையா? பட்டன் பெட்டியின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து போய்ப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: பற்றவைப்பான் நுனி மருந்தைத் தொடவில்லை, அதில் மாட்டிய மின்கம்பி கிளிப்புகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன, பேட்டரி பழசு. மேடையிலேயே மோட்டார் வெடித்தால் காரணம் வேறு. வெயிலில் நிறுத்திய காரில் கிடந்த மோட்டாரில் மருந்தும் காகித உறையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, இடையில் மயிரிழை பிளவு விழுந்திருக்கும். தீ அதில் புகுந்து எல்லா மருந்தையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கும்.

முதல் பறப்புக்கு ஏ8-3 போதும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 30 செ.மீ. பாராசூட்டில் ஆல்ஃபா விநாடிக்குச் சுமார் 3.5 மீட்டர் இறங்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து வர அரை நிமிடம். மணிக்கு 15 கி.மீ. காற்றில் அதற்குள் 120 மீட்டர் தள்ளிப் போய்விடும். சி6-5 போட்டு 300 மீட்டர் ஏற்றினால் ஒன்றரை நிமிடம் மிதந்து 350 மீட்டருக்கு அப்பால், பெரும்பாலும் எட்டாத மரத்தில் விழும். காற்று இருந்தால் பாராசூட்டின் நடுவில் ஐந்து செ.மீ. வட்டம் வெட்டிவிடுங்கள், சற்று வேகமாக இறங்கும். மின்கம்பியில் மாட்டினால் விட்டுவிட வேண்டியதுதான், கழியை எடுக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் காலி மோட்டாரைக் கழற்றி, ரப்பர் நாடா கருகியிருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பாருங்கள். ஏவுகம்பியில் படிந்த கரியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் அடுத்த ராக்கெட் கம்பியில் சிக்காது.