கிணற்றை எந்த மாதம் அளந்தார்கள்?

கல்குவாரி ஒன்றுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒரு மணி நேரம் பலரும் மைக்கில் ஆவேசமாகப் பேசி முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "எங்க கிணத்துல ஆறடியில தண்ணி கெடக்குன்னு போட்டிருக்கீங்களே, அதை எந்த மாசம் சார் அளந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் கேட்ட கேள்விகளிலேயே கனமானது அதுதான்.

அவர் கேட்டது, குவாரிக்கு அனுமதி கேட்கும் நிறுவனம் தரும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பற்றி. அந்த மதிப்பீடு அடிப்படையில் ஒரு கழித்தல் கணக்கு. குவாரி வந்தால் ஊர் எப்படி இருக்கும், வராவிட்டால் எப்படி இருக்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தாக்கம். அதைக் கணக்கிட, இன்றைய நிலை முதலில் தெரிய வேண்டும். காற்றில் எவ்வளவு தூசி, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், இரவில் எவ்வளவு சத்தம் என்று அளந்து வைப்பார்கள். அந்த அளவு பிசகினால் அதன் மேல் போடும் கணக்கு எல்லாம் பிசகும்.

ஆண்டு முழுவதும் அளப்பதில்லை. மழைக்காலம் தவிர்த்து ஏதாவது ஒரு பருவம் போதும். சுரங்கங்களுக்கான ஒன்றிய அரசின் மாதிரி ஆய்வு வரம்பு, அதாவது அறிக்கைக்கு எதை எப்படி ஆராய வேண்டும் என்று சொல்லும் பட்டியல், அந்தப் பருவங்களை இப்படிப் பிரிக்கிறது: மார்ச் முதல் மே வரை கோடை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிந்தைய காலம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம். வட இந்தியாவுக்கு இது சரி. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அப்போதுதான் கொட்டுகிறது. அந்த மூன்று மாதங்களில் அளந்துவிட்டு "மழையில்லாப் பருவம்" என்று எழுதினால், விதிப்படி தவறே இல்லை!

இதனால் என்ன ஆகும்? தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி, 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு பேச்சுக்கு, குவாரியால் 30 கூடும் என்று வைப்போம். மண் நனைந்து கிடக்கும் கார்த்திகையில் ஏற்கெனவே 40 இருந்தால், கூட்டினால் 70; அனுமதி கிடைக்கும். சித்திரைப் புழுதியில் ஏற்கெனவே 80 இருந்தால் 110; வரம்பு தாண்டிவிடும். ஊரும் ஒன்று, குவாரியும் ஒன்று, மாறியது மாதம் மட்டும்தான்.

கிணறு இன்னும் கொடுமை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும். குவாரிக் குழி ஆழமாகி ஒரு வெடிப்பை வெட்டிவிட்டால், அதில் ஓடிய நீர் குழிக்குள் வழியும். வேலை நடக்க அதை மோட்டார் போட்டு இறைப்பார்கள். பக்கத்துக் கிணற்றில் பத்தடி குறையும். கார்த்திகையில் பத்தடி குறைந்தால் யாருக்கும் தெரியாது. சித்திரையில் அந்தப் பத்தடிதான் கிணற்றில் இருப்பதே.

சட்டம் சின்னக் குவாரிகளைக் கண்டுகொள்ளாமலே இருந்தது. ஒன்றிய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படவில்லை. அதனால் பெரிய நிலத்தைத் துண்டு போட்டுக் குத்தகைக்கு எடுக்கும் வழி பிறந்தது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், கல், மணல் போன்ற சிறு கனிமங்களை 5 ஹெக்டேருக்குக் குறைவான இடத்தில் எடுக்கவும் அனுமதி வேண்டும் என்றது. இப்போது 500 மீட்டர் இடைவெளிக்குள் இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாகப் பார்க்கிறார்கள். தொகுப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு அறிக்கையும் கருத்துக்கேட்பும் கட்டாயம்.

நம் மாநிலத்துக்கென்று சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 தனியாக இருக்கின்றன. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது என்கிறது விதி. நல்ல விதிதான். ஆனால் குடியிருப்பு என்றால் எது? வருவாய்ப் பதிவேட்டில் ஊராகவோ வீட்டுமனையாகவோ இருக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவாக இருக்க வேண்டும். முப்பது வருஷமாக அடுப்பு எரிகிற வீடாக இருந்தாலும், அது நிற்கும் இடம் நத்தமாகப் பதிவாகாவிட்டால் வரைபடத்தில் அது வெறும் நிலம். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிக்க வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். தமிழில் சுருக்கம் மட்டும் கிடைக்கும். கிணற்று அளவும் தேதியும் இருக்கும் அட்டவணை ஆங்கில அறிக்கையின் உள்ளே கிடக்கும். படித்த பிள்ளை யாரையாவது உட்காரவைத்து அந்தப் பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் செல்லும். முழுவதும் வீடியோ எடுப்பார்கள். எழுத்திலும் கருத்துத் தரலாம். அங்கே எழுப்பப்பட்ட ஒவ்வொன்றுக்கும் நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் சொல்ல வேண்டும். நிபுணர் குழு அதை வைத்துத்தான் பரிசீலிக்கும். அனுமதி கொடுத்தது தவறென்று தோன்றினால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள்.

"வேண்டாம்" என்று நூறு பேர் சொன்னால், "வேலைவாய்ப்பு தருவோம்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். "எந்த மாதம்?" என்ற கேள்விக்கு அப்படி எழுத முடியாது. மாதத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால், ஏன் கோடையில் அளக்கவில்லை என்று குழு கேட்க இடம் வரும்.

கூட்டத்தின் முடிவில், பதிவானதை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அன்றும் வாசித்தார்கள். "ஒரு பெண்மணி நிலத்தடி நீர் குறித்து அச்சம் தெரிவித்தார்" என்று வந்தது. அந்த அம்மா மறுபடி எழுந்தார்.

"நான் பயந்துக்கிட்டுக் கேக்கல சார். மாசம் கேட்டேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்துவிட்டு, கிணறு அளந்த மாதம் எது என்று கேட்கப்பட்டதாக மேலே எழுதினார்.