23-ஐ 14-ஆல் பெருக்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "பல்லுறுப்புக் கோவைகளில் ஒத்த உறுப்புகளை மட்டும்தான் கூட்டலாமாம். ஏன்?"

புத்தகத்தில் x என்ற மாறி வரும் இடத்தில் 'ப' என்று எழுதுவோம். ப என்றால் பத்து. அப்போது 23 என்பது 2ப+3. 14 என்பது ப+4. கூட்டினால் 3ப+7, அதாவது 37. பத்துகளைப் பத்துகளோடும் ஒன்றுகளை ஒன்றுகளோடும் சேர்த்தோம். இரண்டாம் வகுப்பிலேயே நீங்கள் செய்த வேலைதான் இது.

சரி, பெருக்குவோம். (2ப+3)(ப+4) என்பதை விரித்தால் 2ப²+8ப+3ப+12. ஒத்ததைச் சேர்த்தால் 2ப²+11ப+12. ப-வுக்கு 10 போட்டால் 322. 100 போட்டுப் பாருங்கள்: 203×104=21112. 2, 11, 12 என்று கெழுக்கள் மூன்றும் விடையிலேயே வரிசையாக நிற்கும்! குறுக்குப் பெருக்கல் என்று பணம் வாங்கிக்கொண்டு ரகசியச் சூத்திரம் போலச் சொல்லித் தருவதும் இந்த விரிவாக்கம்தான். அதை மந்திரமாக்கிப் பிள்ளைகளுக்குக் காரணத்தை மறைப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். மேலே நான்கு பெருக்கல்கள் செய்தோம்: 2×1, 2×4, 3×1, 3×4. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் வேலை நான்கு மடங்காகும், இதைக் குறைக்க வழியே இல்லை என்று கருதினார் மாபெரும் கணிதவியலாளர் கோல்மகோரோவ். 1960-ல் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவர் இதைச் சொன்னபோது, அங்கிருந்த அனத்தோலி கரத்சுபாவுக்கு வயது 23. ஒரே வாரத்தில் மறுப்போடு வந்துவிட்டார்.

அவர் கவனித்தது இதுதான்: 8-உம் 3-உம் நமக்குத் தனித்தனியாகத் தேவையே இல்லை. அவற்றின் கூட்டுத்தொகை 11 கிடைத்தால் போதும். 2+3=5, 1+4=5; பெருக்கினால் 25. இந்த 25-க்குள் 2, 8, 3, 12 என நான்கு பெருக்கல்களின் விடைகளும் சேர்ந்தே இருக்கின்றன. முதலும் கடைசியும் எப்படியும் கணக்கிட வேண்டியவை. அவற்றைக் கழித்தால், 25−2−12=11. நான்கு பெருக்கல் மூன்றாகிவிட்டது! கூட்டலும் கழித்தலும் சற்றுக் கூடும்தான், ஆனால் பெருக்கலோடு ஒப்பிட்டால் அவை மலிவு.

ஒன்று மிச்சமானதில் என்ன பெரிய லாபம்? 1024 இலக்க எண்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி, பத்து முறை போனால் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடுவோம். ஒவ்வொரு படியிலும் 4 மடங்கு என்றால் 10,48,576 பெருக்கல்கள். 3 மடங்கு என்றால் ஏறத்தாழ 59,049. பைத்தான் என்ற கணினி நிரல் மொழியில் மிகப் பெரிய முழுஎண்களைப் பெருக்கினால், உள்ளே ஓடுவது கரத்சுபாவின் இந்த முறைதான்.

47×36-க்குச் செய்து பாருங்கள். ஓரங்களில் 12-உம் 42-உம் வரும். நடுவில் வருவதற்கு 99-லிருந்து கழிக்கத் தொடங்குங்கள்.