பழைய மாநிலத்தில் முடங்கிக் கிடக்கும் உரிமம்: புதுப்பிக்கப் போகும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் வேலை மாறி, வீடு மாறி, இரண்டு மூன்று மாநிலங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி ஒரே விதமாகத்தான் வந்து சேர்கிறது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வரிசையில் நின்று கவுன்டருக்குப் போனதும், "உங்களுக்கு இன்னொரு மாநிலத்தில் சஸ்பென்ஷன் (உரிம முடக்கம்) இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்" என்கிறார் எழுத்தர். என்ன வழக்கு, எவ்வளவு பணம், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டியவர், அறுபது மைல் தள்ளி வேலைக்குப் போகிறவர், உரிமம் காலாவதியாக நான்கு நாட்களே இருக்கும்போது இதைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறார். அப்படி வந்தவர்கள் பலருக்குக் கடிதம் எழுதவும் தொலைபேசியில் காத்திருக்கவும் உதவியிருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அலைச்சல் வந்திருக்காது.

எழுத்தர் பதில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. முடக்கப்பட்ட ஓட்டுநர்களின் பெயர்களைத் திரட்டும் தேசிய ஓட்டுநர் பதிவேடு 1960-இல் போட்ட சட்டத்தால் வந்தது. கூட்டரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அதை நடத்துகிறது. அதில் பெயர், பிறந்த தேதி, உரிம எண் போன்ற அடையாளங்களும், எந்த மாநிலத்தில் சிக்கல் என்ற குறிப்பும் மட்டுமே உண்டு. வழக்கு விவரம் அந்த மாநிலத்திடம்தான் இருக்கும். ஆகவே உரிமம் தரும் உள்ளூர் வாகன அலுவலகமான டிஎம்வி-யில் வாதாடுவது வீண். அவர்களால் அந்தக் குறிப்பை நீக்க முடியாது. வாஷிங்டனிலும் முடியாது. போட்ட மாநிலம்தான் எடுக்க வேண்டும்.

"எனக்கு அப்படி எதுவும் இருக்காது" என்று நம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கு மட்டும் வருவதல்ல இது. பயணத்தில் வேறு மாநிலத்தில் வேகமாக ஓட்டியதற்கு வாங்கிய டிக்கெட்டை, அதாவது அபராதச் சீட்டை, மறந்துவிட்டால் போதும். பதில் வராவிட்டால் நீதிமன்றம் டிஎம்வி-க்குத் தெரிவிக்கும், டிஎம்வி முடக்கும். அறிவிப்பு அவர்களிடம் பதிவான முகவரிக்குப் போகும். நீங்கள் அந்த அடுக்ககத்தைக் காலிசெய்து ஓராண்டு ஆகியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் தபாலில் போட்டதே போதும். "எனக்குக் கடிதமே வரவில்லை" என்ற உண்மையான பதில் எந்தக் கவுன்டரிலும் செல்லுபடியானதை நான் பார்த்ததில்லை.

நம்மவர்கள் அதிகம் விழுகிற குழி வேறொன்று: நம்பர் பிளேட். நியூயார்க்கிலிருந்து டெக்சாஸுக்கு மாறுகிறீர்கள். புதிய மாநிலத்தில் புதிய காப்பீடு எடுத்ததும் பழைய காப்பீட்டை ரத்துசெய்கிறீர்கள். பழைய பிளேட் கார் டிக்கியில் கிடக்கிறது. பிளேட்டைத் திருப்பித் தராதவரை, நியூயார்க்கைப் பொறுத்தவரை அது காப்பீடு இல்லாமல் பதிவில் இருக்கும் வண்டி. இடைவெளி 90 நாட்களைத் தாண்டினால் வண்டியின் பதிவோடு உங்கள் ஓட்டுநர் உரிமையும் அங்கே முடங்கும். ஒரு டிக்கெட்கூட வாங்காத, ஒரு விபத்திலும் சிக்காத ஓட்டுநருக்கு இப்படி நடக்கிறது. புளோரிடாவிலும் இதே வகை விதி உண்டு. அங்கே காப்பீடு விட்டுப்போனதற்கான மீட்புக் கட்டணம் 150 டாலரில் தொடங்கி, மீண்டும் மீண்டும் நடந்தால் 500 டாலர் வரை போகும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் புதிய மாநிலத்தில் காப்பீடும் பதிவும், பிறகு பழைய பிளேட்டை ஒப்படைத்து ரசீது, அதற்குப் பிறகே பழைய காப்பீட்டை ரத்து. அந்த ரசீதைத் தூக்கிப்போடாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், புதிய மாநிலத்துப் பதிவுச் சான்றின் நகலையும் காப்பீட்டு நகலையும் தேதி தெளிவாகத் தெரியும்படி பழைய மாநிலத்துக்கு அனுப்புங்கள். இடைவெளியே இல்லை என்று நிரூபிக்க முடிந்தால் அபராதத்துக்கே இடமில்லாமல் போகலாம்.

நியூயார்க்கில் இன்னொன்றும் இருக்கிறது. விதிமீறல்களுக்காக உங்கள் பதிவில் ஏறும் புள்ளிகள் பதினெட்டு மாதங்களுக்குள் ஆறு சேர்ந்தால், டிக்கெட் அபராதம் தவிர, ஆண்டுக்கு 100 டாலர் வீதம் மூன்று ஆண்டுகள் தனியாகக் கட்ட வேண்டும். ஆறுக்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆண்டுக்கு 25 டாலர் கூடும். வேறு மாநில உரிமம் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். அபராதத்தைக் கட்டி முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவருக்கு இந்த இரண்டாவது பில் பழைய முகவரிக்குப் போகிறது. கட்டாவிட்டால் முடக்கம்.

இனி தீர்ப்பது எப்படி. முதல் வேலை பணம் கட்டுவதல்ல, தெரிந்துகொள்வது. பழைய மாநிலத்தின் டிஎம்வி-யிடம் உங்கள் ஓட்டுநர் பதிவின் நகலையும், உரிமையை மீட்க என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பென்சில்வேனியா இதற்கென்றே தனிக் கடிதம் தருகிறது. மற்ற மாநிலங்களில் பல இணையத்திலேயே காட்டுகின்றன. பட்டியல் கைக்கு வரும்வரை யார் தொலைபேசியில் சொன்னதையும் வைத்துப் பணம் அனுப்பாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று முடக்கங்கள் இருப்பது சாதாரணம். ஒன்றை மட்டும் தீர்த்துவிட்டுப் போனால் கவுன்டரில் மறுபடியும் அதே பதில்தான்.

சில பழைய முடக்கங்களை மாநிலங்களே கைவிட்டிருக்கின்றன என்பதையும் பாருங்கள். அபராதம் கட்டாததற்காக மட்டும் உரிமத்தை முடக்குவதை வர்ஜினியா 2020-இலும் நியூயார்க் 2021-இலும் நிறுத்திவிட்டன. விதிமீறலுக்கு அபராதத்துக்கு மேல் தனியாக வாங்கிவந்த கூடுதல் கட்டணத் திட்டத்தை டெக்சாஸ் 2019 செப்டம்பரில் ஒழித்தது. ஆனால் நியூயார்க்கில் டிக்கெட்டுக்குப் பதிலே தராமல் இருந்தால் முடக்கம் இன்றும் உண்டு. உங்களுடையது கட்டாததா, பதில் தராததா என்று பிரித்துக் கேளுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள், தேவையில்லை என்று தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, நீதிமன்றமும் டிஎம்வி-யும் வேறு வேறு வீடுகள். நீதிமன்றத்தில் டிக்கெட்டைக் கட்டினால் உரிமை தானாக மீளாது. டிஎம்வி-க்குத் தனி மீட்புக் கட்டணம் உண்டு. நியூ ஜெர்சியில் அது 100 டாலர். நியூயார்க்கில் பதில் தராத ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 70 டாலர். முடக்கக் காலம் என்றோ முடிந்துபோயிருந்தாலும் இந்தக் கட்டணம் கட்டும்வரை பதிவேட்டில் நீங்கள் முடக்கப்பட்டவரே. என்னிடம் உதவி கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் சறுக்கிய இடம் இதுதான். கையில் நீதிமன்ற ரசீது, வங்கிக் கணக்கில் பணம் போன சான்று, எல்லாம் இருக்கும். இந்த ஒரு கட்டணம் மட்டும் விட்டுப்போயிருக்கும். அப்படி ஒன்று இருப்பதை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருக்கும், தேதி ஓடிக்கொண்டிருக்கும்.

டிக்கெட்டை இணையத்தில் அவசரமாகக் கட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். புள்ளிகள் ஏறும், காப்பீட்டுத் தவணை கூடும், சில நேரம் அதுவே புதிய முடக்கத்துக்குக் காரணமாகும். பழைய டிக்கெட் என்றால் நீதிமன்ற எழுத்தரிடமோ அரசு வழக்கறிஞரிடமோ குறைத்துத் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். நேரில் வராமல் எழுத்திலேயே முடிக்க வழி உண்டா என்றும் கேளுங்கள். நியூயார்க் நகரத்துப் போக்குவரத்து டிக்கெட்டுகளை நீதிமன்றம் விசாரிப்பதில்லை, டிஎம்வி-யின் தனிப் பிரிவுதான் விசாரிக்கிறது. நகரத்துக்கு வெளியே சிற்றூர் நீதிமன்றங்கள் சில வாரத்தில் ஒரு மாலைதான் கூடும், எழுத்தரும் சில மணிநேரமே இருப்பார். யாரும் எடுக்காத தொலைபேசியை நம்பாமல், டிக்கெட் எண்ணோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.

எல்லாம் கட்டியபின், முடக்கம் நீங்கியது என்று பழைய மாநிலம் தரும் விடுவிப்புக் கடிதத்தை வாங்காமல் விடாதீர்கள். "கணினியில் மாறிவிட்டது" என்று பழைய மாநிலம் சொல்லும். "எங்களுக்கு இன்னும் காட்டுகிறது" என்று புதிய மாநிலம் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நிற்கப்போவது நீங்கள்தான். கடிதத்தில் உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, முடக்கம் நீங்கிய தேதி மூன்றும் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் பழையதான கடிதத்தைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. ஆகவே கடிதம் வந்ததும் உள்ளூர் டிஎம்வி-க்கு முன்பதிவு செய்யுங்கள். எஸ்ஆர்-22 என்ற காப்பீட்டுச் சான்று கேட்கப்பட்டிருந்தால், அதை உங்கள் காப்பீட்டு நிறுவனம்தான் பழைய மாநிலத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். நீங்கள் அனுப்பிய நகல் குப்பைக்குப் போகும்.

நம் பெயர்கள் இதில் தனித் தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவருக்கு விசாவில் முதல் பெயராக 'எப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்துவிடுகிறார்கள். ஒரு மாநிலம் அதை அப்படியே உரிமத்தில் ஏற்றும், இன்னொரு மாநிலம் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கும். கட்டிய பணம் ஒரு பெயரில், முடக்கம் இன்னொரு பெயரில் நிற்கும். பழைய மாநிலத்துக்கு எழுதும்போது அங்கே இருந்த உரிமத்தில் எழுத்து எழுத்தாக எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருந்து, ஆள் வேறு என்றால் பழைய மாநிலத்திடமே "இவர் அவரில்லை" என்று எழுத்தில் வாங்க வேண்டும். மற்றவர் செய்த தவறுக்கு நீங்கள் அலைவது அநியாயம்தான். ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் கவுன்டர் நகராது.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தங்கும் அனுமதி முடியும் நாளில் உரிமமும் முடிகிறது. அதனால் இந்தச் சோதனைக்கு மற்றவர்களைவிட அடிக்கடி ஆளாகிறார்கள். இங்கே ஒரு குழப்பம் வருகிறது. குடிவரவு நிலையைச் சரிபார்க்கும் 'சேவ்' முறையில் தாமதமானாலும் கவுன்டரில் "ஹோல்ட்" (நிறுத்திவைப்பு) என்றுதான் சொல்வார்கள். இது குடிவரவுச் சரிபார்ப்பா, வேறு மாநில முடக்கமா, எந்த மாநிலம் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள். முடக்கமே இல்லாதவர் தவறான மாநிலத்துக்கு எழுதிக் காத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கையில் வேறு மாநிலத்துச் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதே என்று முடக்கிய மாநிலத்துக்குள் காரோட்டிப் போகாதீர்கள். நியூயார்க்கில் அது அபராதத்தோடு முடியும் விதிமீறல் அல்ல, குற்ற வழக்கு. கைதோ தண்டனையோ உண்டா என்று விசா விண்ணப்பம் கேட்கிறது. அப்படி வழக்கு வந்துவிட்டால், எதையும் ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

சுங்கக் கட்டணம் பாக்கி, இன்றே கட்டாவிட்டால் உரிமம் முடங்கும் என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை மோசடி. டிஎம்வி போலவே தோற்றமளித்துக் கட்டணம் பிடுங்கும் தனியார் தளங்களும் நிறைய. முகவரி '.ஜிஓவி' என்று முடிகிறதா பார்த்துவிட்டு அட்டை எண்ணைப் போடுங்கள்.

மூன்று நான்கு மாநிலங்களில் வாழ்ந்து, எங்கே என்ன கிடக்கிறது என்று நினைவில்லாதவர்கள் தேசியப் பதிவேட்டில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று கட்டணம் இல்லாமல் கேட்கலாம். முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம், உயரம், எடை, கண்ணின் நிறம், உரிம எண், மாநிலம் ஆகியவற்றை எழுதி, நோட்டரியின் முன் கையெழுத்திட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். உரிமம் முடிய நான்கைந்து மாதங்கள் இருக்கும்போதே அனுப்புங்கள். பதில் வந்து, அதன்பின் பழைய மாநிலத்துக்கு எழுதி, அங்கிருந்து கடிதம் வர அவ்வளவு காலம் தேவைப்படும்.