மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் மீலி மூட்டைகளும்

துப்பாக்கி வைத்திருப்பவன் ஈட்டிக்காரனை எப்போதும் ஜெயிப்பான் என்று நம்புகிறவர்களுக்கு நம் குவாசூலு-நேட்டாலிலேயே பதில் இருக்கிறது, டர்பனிலிருந்து காலையில் காரை எடுத்தால் மதியத்துக்குள் இசாண்டுல்வானா மலையடிவாரத்துக்குப் போய்விடலாம். 1879 ஜனவரி 22 அன்று அங்கே முகாமில் பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 1,800 பேர், எதிரே சூலு வீரர்கள் சுமார் 20,000 பேர். பொழுது சாய்வதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் பிணம். அன்றைக்கே பிற்பகலில், 15 கிலோமீட்டர் தள்ளி ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு பிரிட்டிஷ் காவல் முகாமில், இசாண்டுல்வானாவில் இருந்த அதே மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியோடு சுமார் 150 பேர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சூலுக்களை விடிய விடியத் தடுத்து நின்றார்கள், அந்த 150 பேரில் இறந்தவர்கள் 17 பேர்.

ஆயுதம் ஒன்றுதான். அப்புறம் எது மாறியது?

1916-ல் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் (கார் தயாரித்தவர்தான்) இதற்கு ஒரு கணக்குப் போட்டார். இரண்டு பக்கமும் தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டால் ஆள்பலம் வர்க்கமாகப் பெருகும், ஏனென்றால் ஆள் கூடினால் நம் தோட்டாவும் கூடுகிறது, எதிரியின் தோட்டாவும் பலர் மேல் சிதறிப்போகிறது. 10 மடங்கு கூட்டத்தைச் சமாளிக்க 100 மடங்கு நல்ல ஆயுதம் வேண்டும். ஆளுக்கு ஆள் ஈட்டிச் சண்டையில் 10 மடங்கே போதும், ஒரு நேரத்தில் ஒருவன்தான் மோத முடியும் என்பதால்.

சூலுக்களிடம் பழைய துப்பாக்கிகள் நிறையவே இருந்தன, ஆனால் அவர்கள் நம்பியது ஈட்டியைத்தான். ஆகவே மார்ட்டினிக்குக் கிடைப்பது அவர்கள் ஓடிவரும் நேரம் மட்டுமே. தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: புல்வெளியில் 300 மீட்டரைக் கடக்க ஒன்றரை, இரண்டு நிமிடம். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு 10, 12 முறை சுடலாம், ஆக ஆளுக்கு 20 தோட்டா. 600 துப்பாக்கி என்றால் 12,000. கரும்புகைக்கு நடுவே 30-ல் ஒன்று பட்டால் 400 பேர் விழுவார்கள், மீதி 19,600 பேர் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

நிஜத்தில் சூலு படையின் நடுப்பகுதி கொஞ்ச நேரம் புல்லில் படுத்துக்கிடந்தது, அவ்வளவு பலமாகத்தான் சுட்டார்கள். ஆனால் வரிசை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டிருந்தது, அகழியும் இல்லை, வண்டி அரணும் இல்லை, தளபதி செம்ஸ்ஃபோர்டோ விடியும் முன்பே படையில் பாதியைக் கூட்டிக்கொண்டு வேறு பக்கம் போயிருந்தார். சூலு படையின் இரண்டு கொம்புகளும் (இரு பக்கத்து அணிகள்) சுற்றிவந்து அணைத்துவிட்டன. தோட்டாப் பெட்டியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தோற்றார்கள் என்று ஒரு கதை உண்டு, அதை நான் நம்பவில்லை, அந்தப் பெட்டி மூடியை ஒரே ஒரு திருகுதான் பிடித்திருந்தது, ஓங்கி அடித்தால் பெயர்ந்துவிடும்.

ரோர்க்ஸ் டிரிஃப்டில் மீலி (மக்காச்சோள) மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி மார்பளவு சுவர் எழுப்பினார்கள். தீமிதியில் எத்தனை ஆயிரம் பேர் காத்திருந்தாலும் குண்டத்தில் ஒரு நேரத்தில் இறங்குவது சிலர்தானே, அதுபோல சுவரை ஒட்டி நிற்க முடிந்தவர்களுக்கு மட்டுமே சண்டை. ஓடிவந்தவன் சுவரருகே நின்றாக வேண்டும், அந்த நேரம் முழுக்கத் துப்பாக்கிக்காரனுடையது. விடிவதற்குள் சுமார் 20,000 தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள், மிச்சம் சில நூறுதான். இன்னும் ஒரு இரவு நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

1838-ல் இன்கோமே ஆற்றங்கரையில் போயர்கள் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) வைத்திருந்தது இதைவிட மட்டமான, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. ஆனால் வண்டிகளை வளைத்துக் கட்டியிருந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தாக்கியும் அவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை, மூன்று பேருக்குக் காயம்.

சுவர் இல்லாமலும் முடியும். 1879 ஜூலை 4, உலுண்டியில் செம்ஸ்ஃபோர்டு திறந்தவெளியில்தான் நின்றார், ஆனால் இந்த முறை 5,000 பேரை நான்கு வரிசை ஆழத்தில் நெருக்கமாகச் சதுரமாக நிறுத்தி, மூலைகளில் பீரங்கி வைத்து. கூட வந்த கேட்லிங் இயந்திரத் துப்பாக்கிகள் பலமுறை சிக்கிக்கொண்டன. அப்படியும் ஒரு சூலு வீரரும் சதுரத்தைத் தொடவில்லை.