"பெண்கள் மீதான பாதிப்பு: இல்லை"

அந்த அம்மா என் மேசையில் மூன்று தாள்களை வரிசையாக வைத்தார். முதல் தாளில் பிறந்தபோது வைத்த பெயர். இரண்டாவதில் திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரையும் சேர்த்துக்கொண்ட பெயர். மூன்றாவது, கணவர் வேலை பார்த்த இடத்துப் பதிவேட்டின் நகல். அதில் வீட்டில் கூப்பிடும் பெயரை யாரோ எழுதிவைத்திருந்தார்கள். மூன்று பேரும் அவர்தான். ஆனால், கணவர் இறந்த பிறகு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியத்துக்கான விதி, "விண்ணப்பதாரரின் பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்றது. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பதினான்கு மாதங்களாக அலைந்துகொண்டிருந்தார்.

வழக்குக்காக அந்த விதி உருவான கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்தேன். முன்வரைவோடு இணைத்திருந்த படிவத்தில் ஒரு சின்னக் கட்டம். "பெண்கள் மீதான பாதிப்பு" என்று அச்சிட்டிருந்தது. எதிரே பேனாவால் ஒரே ஒரு சொல்: "இல்லை".

இருபது வருடங்களுக்கு மேலாகத் தொழிலாளர் வழக்குகளும் ஓய்வூதிய வழக்குகளும் நடத்துகிறேன். சட்ட முன்வரைவுகளைப் படித்துக் கருத்து எழுதிக் கொடுக்கும் வேலையும் உண்டு. அந்த "இல்லை" அளவுக்கு என்னை உறுத்திய சொல் வேறு கிடையாது. அதை எழுதியவர்மீது எனக்குக் கோபம் இல்லை. விதியைப் படித்திருப்பார், அதில் ஆண் என்றோ பெண் என்றோ எங்கும் வரவில்லை, ஆகவே பாதிப்பும் இல்லை என்று முடிவு கட்டியிருப்பார். ஆனால் பிறந்த பெயரோடேயே கடைசிவரை இருந்துவிடுகிற வசதி பெரும்பாலும் ஆணுக்குத்தான். உலகின் பல பகுதிகளில் திருமணத்தோடு பெண்ணின் பெயர் மாறுகிறது. மணமுறிவு வந்தால் மறுபடி மாறுகிறது. குடும்ப ஓய்வூதியம் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே அந்தப் பேனா நின்றிருக்கும்.

ஒரு மசோதாவோ விதியோ இறுதியாவதற்கு முன்பே, அது பெண்களை எப்படித் தொடும் என்று அரசு ஆராய்ந்து, கண்டதை வெளியிட வேண்டும். இதைப் பாலினத் தாக்க மதிப்பீடு என்கிறார்கள். புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1995ல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டின் செயல்திட்டம், கொள்கை முடிவு எடுப்பதற்கு முன்பே அது பெண்கள் மீதும் ஆண்கள் மீதும் உண்டாக்கும் தாக்கத்தை ஆராய வேண்டும் என்று அரசுகளைக் கேட்டுக்கொண்டது. ஸ்பெயின் 2003ல் தனிச் சட்டமே போட்டது. தென்கொரியா 2011ல் இயற்றிய சட்டத்தின்படி, உள்ளாட்சிகள் கொண்டுவரும் விதிமுறைகளுக்குக்கூட இந்த மதிப்பீடு உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 2020ல் சட்டம் இயற்றி, அரசு அமைப்புகளுக்கு இதைக் கடமையாக்கியது.

சரி, பெண் என்ற சொல்லே இல்லாத சட்டம் பெண்ணை எப்படித் தாக்கும்? இந்தக் கேள்வியை எத்தனையோ கூட்டங்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதிலுக்கு நான் எப்போதும் சொல்வது ஸ்பெயினில் ஒரு துப்புரவுப் பணியாளருக்கு நடந்ததைத்தான். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அவருக்கு வாரத்துக்கு 4 மணி நேர வேலை. 18 வருடங்கள் செய்தார். 66 வயதில் ஓய்வூதியம் கேட்டார். குறைந்தது 15 வருடச் சந்தா வேண்டும் என்பது விதி. பதினெட்டு வருடங்கள் வேலை பார்த்திருக்கிறாரே என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் பகுதிநேர வேலைக்கு அவர்கள் போட்ட கணக்கு வேறு. வாரம் 40 மணி நேரம் என்ற முழுநேர அளவோடு ஒப்பிட்டு, அவர் உழைத்த ஒவ்வொரு வருடத்தையும் சுருக்கிவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி அவர் 15 வருடத் தகுதியை எட்ட வேண்டுமானால் 100 வருடங்கள் வேலை பார்க்க வேண்டும். அதன் பிறகு கிடைக்கப்போகும் ஓய்வூதியம் மாதம் 112.93 யூரோ.

இரண்டு முறை சுருக்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஓய்வூதியத் தொகை குறைவாக இருப்பதைப் புரிந்துகொள்ளலாம், ஊதியம் குறைவு, சந்தாவும் குறைவு. ஆனால் தகுதிக் காலத்தையும் சேர்த்து நீட்டினால், அந்தச் சின்னத் தொகையும் கைக்கு வராது. ஸ்பெயினில் பகுதிநேரம் வேலை பார்த்தவர்களில் குறைந்தது 80 சதவீதம் பெண்கள் என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட புள்ளிவிவரம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 நவம்பரில் அந்தக் கணக்கு சமத்துவ விதிகளுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

அதே நீதிமன்றம் 1986லேயே, ஜெர்மனியின் பில்கா பல்பொருள் அங்காடி வழக்கில் இதற்கு அடித்தளம் போட்டுவிட்டது. 20 வருடங்களில் குறைந்தது 15 வருடங்கள் முழுநேரம் பார்த்திருந்தால்தான் பகுதிநேர ஊழியருக்கு நிறுவனத்தின் ஓய்வூதியம் என்று அங்கே விதி. ஆண்களைவிட மிக அதிகமான பெண்களை அது ஒதுக்கினால், நியாயமான வேறு காரணத்தை நிறுவனம் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அது பாகுபாடே என்றது நீதிமன்றம். இதைத்தான் மறைமுகப் பாகுபாடு என்கிறோம். எனக்கு வலிப்பது வேறொன்று. 1986ல் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், மதிப்பீட்டுக்கென்று 2003லேயே சட்டம் போட்ட நாட்டில், அந்த ஓய்வூதியக் கணக்கு 2012 வரை ஓடியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் மதிப்பீடு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நல்லெண்ணத்தோடு வரும் சட்டங்களும் இப்படித் தடுமாறுவதுண்டு. மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2017ல் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள், முதல் இரண்டு குழந்தைகளுக்கு. எவ்வளவு பெரிய நன்மை! ஆனால் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வராத ஊழியருக்கு அந்தச் சம்பளம் முழுவதையும் முதலாளியே கொடுக்க வேண்டும். இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில் இளம்பெண்ணை நேர்காணல் செய்பவரின் மனதில் என்ன ஓடும்? "கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது" என்று நேர்காணலில் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் என்னிடம் எத்தனையோ பேர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை 2000த்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. மகப்பேற்றுப் பணத்தைக் கட்டாயச் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுங்கள், தனி முதலாளி தலையில் நேரடியாகச் சுமத்தாதீர்கள் என்கிறது. வேலைச் சந்தையில் பெண்ணின் நிலையைக் காப்பதற்காக என்று காரணத்தையும் அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். முறையான மதிப்பீடு நடந்திருந்தால், விடுப்பு எத்தனை வாரம் என்பதோடு பணம் யார் கையிலிருந்து என்ற கேள்வியும் மேசைக்கு வந்திருக்கும். விடுப்பைக் குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

வரிச் சட்டமும் அப்படித்தான். கணவன், மனைவி வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால், குறைவாகச் சம்பாதிப்பவரின் முதல் ரூபாய்க்கே உயர்ந்த விகிதத்தில் வரி விழும். பெரும்பாலும் அது மனைவி. ஸ்வீடன் 1971ல் தனித்தனி வரிக்கு மாறியது. வரி விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

அப்புறம், நேரம். என் அனுபவத்தில் மதிப்பீடு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அமைச்சரவை ஒப்புதலுக்குக் கோப்பு போகும் முந்தின நாள் மாலை, "அந்தப் பெண்கள் கட்டத்தை நிரப்பிவிட்டீர்களா?" என்று ஒருவர் கேட்பார். அந்த நேரத்தில் எழுதினால் "இல்லை" என்றுதான் வரும், வேறு எதையும் எழுத யாருக்கும் தைரியம் இருக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான சமத்துவக் கடமை பற்றிய வழக்கு ஒன்றில் 2008ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சொன்னதை நான் அடிக்கடி மேற்கோள் காட்டுவேன். முடிவு எடுப்பதற்கு முன்பும், எடுக்கும்போதும், திறந்த மனதோடு அந்தக் கடமையைச் செய்ய வேண்டும். எடுத்த முடிவுக்குப் பின்னால் நியாயம் தேடுவது கடமையைச் செய்ததாகாது என்பது அதன் சாரம். அதே நாட்டில் 2010ஆம் ஆண்டின் அவசர பட்ஜெட்டை எதிர்த்து ஃபாசெட் சொசைட்டி என்ற பெண்ணுரிமை அமைப்பு நீதிமன்றம் போனது. வழக்கை விசாரணைக்கு ஏற்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் இரண்டு விஷயங்களில் மதிப்பீடு செய்திருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஒரு பட்ஜெட்டைக் கேள்வி கேட்க முடியும் என்பதே அப்போது பெரிய விஷயம். 2012ல் அப்போதைய பிரதமர் கேமரூன் இந்த மதிப்பீடுகளைத் தேவையற்ற கட்டம் நிரப்பும் வேலை என்று சொல்லி ஒதுக்கினார். கட்டம் நிரப்பும் வேலையாக அதைச் சுருக்கியது யார் என்பதுதான் என் கேள்வி.

கனடாவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. இந்த மதிப்பீட்டைச் செய்வதாக 1995லேயே வாக்குறுதி கொடுத்த நாடு. தணிக்கைத் தலைவர் 2009லும் 2015லும் சோதித்தபோது பல துறைகள் அதை அரைகுறையாகச் செய்திருந்தன, அல்லது செய்யவே இல்லை. கட்டாயம் என்று இல்லாததையே 2015 அறிக்கை ஒரு தடையாகக் குறிப்பிட்டது. பட்ஜெட்டில் பாலினப் பார்வையைச் சட்டமாக்கியது 2018ல்தான். இருபத்து மூன்று வருடங்கள்!

ஒரு முன்வரைவு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது வரையறைப் பகுதியைத்தான். "தொழிலாளி", "குடும்பத் தலைவர்", "தொடர்ச்சியான பணி", "உரிமையாளர்" என்ற சொற்களுக்குள் யார் வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். வீட்டிலிருந்தபடி தைத்துக் கொடுப்பவர் தொழிலாளியா? பிள்ளைக்காகவோ படுத்த படுக்கையான மாமியாருக்காகவோ இரண்டு வருடங்கள் வேலையை விட்டவருக்குப் பணி அறுந்துவிட்டதா? அடுத்து புள்ளிவிவரம் கேட்பேன், ஆண், பெண் என்று பிரித்து. பிரித்த புள்ளிவிவரம் துறையிடம் இல்லை என்று பல தடவை பதில் வந்திருக்கிறது. அப்படியானால் "பாதிப்பு இல்லை" என்று எதை வைத்து எழுதினார்கள்? கடைசியாக, எல்லாப் பெண்களையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. மாதச் சம்பளக்காரிக்கு உதவும் விதி தினக்கூலிக்காரியை எட்டாமல் போகலாம், மாற்றுத்திறனாளிப் பெண்ணைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிடலாம். இதை அறைக்குள் உட்கார்ந்து யூகிக்க முடியாது, அவர்களையே கேட்க வேண்டும்.

இதனால் சட்டம் தாமதமாகும் என்பார்கள். ஆகும்தான், சில வாரங்கள். ஆண்களுக்கு யார் மதிப்பீடு செய்வார்கள் என்றும் கேட்பார்கள். ஒழுங்காகச் செய்த மதிப்பீட்டில் இரு தரப்புக் கணக்கும் இருக்கும். மகப்பேறு விடுப்பை ஆராயும்போதே தந்தைக்கு ஏன் விடுப்பு இல்லை என்ற கேள்வியும் வந்துவிடும்.

அந்த அம்மாவுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. உறுதிமொழிப் பத்திரம், இரண்டு சாட்சிகள், மேலும் ஏழு மாதங்கள். அதன் பிறகு விதியைத் திருத்தும் முன்வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளிவந்தது. "பெயர் மாற்றத்தைக் காட்டும் ஆவணம் ஒன்று இருந்தால் போதும்" என்ற வரியைச் சேர்க்கக் கேட்டு எழுதினோம். எந்த வயதுப் பெண்களின் விண்ணப்பம் எந்தக் காரணத்துக்காகத் திரும்புகிறது என்று எங்களிடம் வந்த வழக்குகளிலிருந்து ஓர் அட்டவணையும் போட்டோம். புதிய படிவத்திலும் அந்தக் கட்டம் பழைய அளவிலேயே இருந்தது. ஒரு சொல் எழுதத்தான் இடம். "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, நான்கு பக்கங்களைச் சேர்த்து அனுப்பினோம்.