7.5 ஓவர் என்றால் ஏழரை ஓவர் இல்லை

ஒரு கிரிக்கெட் அணி முதல் ஆட்டத்தில் 7.5 ஓவரிலும் அடுத்ததில் 8.5 ஓவரிலும் வென்றிருக்கிறது. கல்குலேற்றரில் கூட்டினால் 16 வரும். ஆனால் 47 பந்தும் 53 பந்தும் சேர்ந்தால் 100 பந்து, அதாவது 16.4 ஓவர். நாலு பந்து காணாமல் போய்விட்டது. விடை 16.8 என்று வந்திருந்தால் பார்த்தவுடனேயே பிழை பிடிபடும். 16 என்று வந்தால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள்.

புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் அல்ல, முடியாத ஓவரில் வீசிய பந்துகள். ஓர் ஓவருக்கு ஆறு பந்து என்பதால் முன்னாலுள்ள எண்ணை 6ஆல் பெருக்கி அவற்றைக் கூட்டுங்கள். திரும்ப ஓவராக்க 6ஆல் வகுத்தால் ஈவு ஓவர், மீதி பந்து. எக்செல்லில் பதிபவர்கள் ஓவருக்கு ஒரு நிரல், பந்துக்கு ஒரு நிரல் வைத்தால் தொல்லையே இல்லை.

யாழ்ப்பாணத்தில் நடக்கும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் ஓவர் குறைவு, அதனால் அடி பெரிது. 84 ஓட்டங்களை 7.5 ஓவரில் எடுத்த அணிக்கு 84ஐ 7.5ஆல் வகுத்து ஓட்ட வீதம், அதாவது ஓவருக்கு எடுத்த ஓட்டம், 11.20 என்று போடுகிறார்கள். சரியான கணக்கு 84 × 6 ÷ 47, அதாவது 10.72. கிட்டத்தட்ட அரை ஓட்டம்! இரண்டு கழகங்கள் சமபுள்ளியில் நின்று வீதத்தால் முடிவு செய்தால், அரையிறுதி ஆடவேண்டிய பிள்ளைகள் வீட்டுக்குப் போகவேண்டி வரும்.

நிகர ஓட்ட வீதத்தில் (எடுத்த வீதத்திலிருந்து எதிரணிக்குக் கொடுத்த வீதத்தைக் கழித்து வருவது) இன்னொரு இடறல்: 10 ஓவர் ஆட்டத்தில் 7.5 ஓவரில் 52க்கு எல்லோரும் ஆட்டமிழந்தால் வகுக்கவேண்டியது முழு 10 ஓவரின் 60 பந்தால். வீதம் 5.20, 6.64 அல்ல. ஒவ்வோர் ஆட்டத்தின் வீதத்தையும் சராசரி எடுக்கவும் கூடாது. மொத்த ஓட்டங்களை மொத்தப் பந்துகளால்தான் வகுக்கவேண்டும்.

ஸ்கோர் புத்தகத்தில் ஓர் ஓவர்க் கட்டத்துக்குள் எட்டு அடையாளங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று வைட்டுக்கான சிலுவை, ஒன்று நோபோலுக்கான வட்டம் என்றால் எண்ணிக்கையில் சேர்வது ஆறுதான். நடுவர் பிழையாக எண்ணி ஐந்து பந்தில் ஓவரை முடித்தாலும் விதிப்படி அது ஒரு ஓவரே.

2023 ஆசியக் கிண்ணத்தில் இலங்கையின் 291ஐத் துரத்திய ஆப்கானிஸ்தான் நிகர ஓட்ட வீதத்தில் முந்தி அடுத்த சுற்றுக்குப் போக 37.1 ஓவரில், அதாவது 223 பந்தில், 292 எடுக்கவேண்டியிருந்தது. அந்தப் பந்தில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது 289. பந்து கூடினால் ஓட்டமும் கூடவேண்டும்; அதற்குப் பிறகும் 37.4க்குள் ஒரு சிக்ஸரால் 295ஐத் தொட்டிருந்தால் போயிருப்பார்கள். அது தெரியாமல் கடைசி ஆட்டக்காரர் பந்தைத் தடுத்தாடி, 37.4இல் ஆட்டமிழந்தார். துரத்தும் அணிக்கு ஸ்கோரர் கொடுக்கும் துண்டில் ‘223 பந்து – 292, 226 பந்து – 295’ என்று பந்து எண்ணிக்கையிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும், அதுவும் துரத்தல் தொடங்குமுன்பே.