கிறுக்குப் பிடித்த மாடா?

போன மாசியில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்றிருந்தேன். "மாட்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு தம்பி, கொடியில காயுற துண்டை இழுத்துத் திங்குது" என்றார் ஆச்சி. சுற்றிப் போட்டு, கழுத்தில் கறுப்புக் கயிறும் கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றையும் மாடு பாதி மென்றிருந்தது.

கிறுக்கு இல்லை, பாஸ்பரஸ் குறைவு. வெறும் வைக்கோலில் நிற்கும் மாடு துணி, எலும்பு, கயிறு, மண் என்று தேடித் தின்னும். குடற்புழு மருந்தும், தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவையும் எழுதிக் கொடுத்தேன்.

இத்தனை வருடத் தொழிலில் எனக்குப் பட்டது இதுதான்: சீக்கு வந்த மாடு புதிதாக எதையும் செய்வது அபூர்வம். மெல்வது, கத்துவது, படுப்பது, மந்தையை விட்டு ஒதுங்குவது எல்லாம் அதற்கு ஏற்கெனவே தெரிந்தவை. அவற்றையே நேரம் தவறி, இடம் தவறிச் செய்யும். ஒதுங்கி நிற்கும் மாடு கன்று போடப் போகலாம். நிறைமாதமாக இல்லாவிட்டால் காய்ச்சலாக இருக்கலாம்.

அதனால் நான் போனதும் முதலில் கேட்பது மாட்டின் வழக்கத்தைத்தான். நல்ல மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்கும், ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அசைபோடுவது நின்றால் அன்றைக்கே கூப்பிடுங்கள். முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டியை வெளியே தள்ளி நின்று, படுக்கவே தயங்கினால் வயிற்றில் கம்பியோ ஆணியோ குத்தியிருக்கலாம். பழைய வீடுகளைப் பிரித்துத் தேக்கை விற்கும் நம் ஊர்களில் ஆணிக்கா பஞ்சம்?

கோழி குப்பைமேட்டில் மண் குளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பிக் கூண்டில் அடைத்த கோழியும் மண்ணே இல்லாத வெறுங்கம்பியில் இறகை உதறி அதே குளியலைப் போடும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

மஞ்சுவிரட்டுக் காளை தலையைத் தாழ்த்தி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பதை 'போஸ் கொடுக்குது' என்று செல்போனில் பிடிக்கிறார்கள். நான் இவ்வளவு பெரியவன், விலகிப் போ என்று அது எச்சரிக்கிறது. அதற்கு அப்புறம் பாய்ச்சல்தான்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கத்துவதும் எச்சில் ஒழுக்குவதும் எல்லா மாடும் செய்வதுதான். பருவத்துக்கு வந்தால் கத்தும், கன்றைப் பிரித்தால் கத்தும். வெறிநோய் வந்த மாடும் கத்தும். சில சமயம் பருவத்துக்கு வந்ததுபோலவே மற்ற மாட்டின் மேல் ஏறும். சினை ஊசிக்கு ஆளைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு.

ஒருமுறை திருப்பத்தூர்ப் பக்கம் ஒருவர், "தொண்டையில பனங்கொட்டை அடைச்சிருக்கு சார்" என்று அழைத்தார். நான் போவதற்குள் முழங்கை வரை வாய்க்குள் விட்டுத் தேடிவிட்டார். கொட்டை அடைத்தால் பெரும்பாலும் வயிறு உப்பும். இங்கே வயிறு தட்டையாக இருந்தது. குரல் மட்டும் உடைந்து கரகரத்தது. வெறிநோயில் தொண்டைத் தசை செயலிழப்பதால் எச்சிலை விழுங்க முடியாமல்தான் ஒழுகுகிறது. கிருமி அந்த எச்சிலில்தான் இருக்கிறது. நாய் ஏதும் கடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம் அவர் மகள், தை மாதம் கண்மாய்க் கரையில் ஒரு நாய் விரட்டியதைச் சொன்னாள். இரண்டு மாதம் கழிந்திருந்தது. கடித்த தடம்கூட இல்லை.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கையைக் கழுவ வைத்தேன். விரல் இடுக்கில் அரிவாள் கீறல் இருந்தது, அதுவே போதும். "எனக்கு எதுக்கு சார் ஊசி, நாய் என்னைக் கடிக்கலையே" என்றார். சண்டை போட்டுத்தான் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். கஞ்சித் தண்ணி காட்டிய அவர் மனைவியும், வாயைப் பிடித்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையனும் கூடப் போனார்கள்.

மாடு நான்காம் நாள் செத்தது. தோலை உரிக்க விடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அவர் எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டார். இப்போது வேறு மாடு வைத்திருக்கிறார். அது கொஞ்சம் எச்சில் வடித்தாலும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எனக்குப் போன் போடச் சொல்கிறார் மகளிடம்.